களை கொத்திய மறுநாளே தண்ணீர் கட்டாதீர்கள்

போன ஆவணியில் பவானிப் பக்கம் ஒரு மஞ்சள் காட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பயிர் நோய் பார்ப்பதுதான் என் வேலை. பள்ளமான மூலையில் இருந்த செடிகளின் இலைகள் ஓரத்திலிருந்து பழுத்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் கொழகொழவென்று இருந்தது, கிழங்கில் அழுகல் வாடை. பித்தியம் என்ற மண் நுண்ணுயிரி உண்டாக்கும் கிழங்கழுகல்.

"களை கொத்துன மறுநாளே தண்ணி கட்டுனேனுங்க. பயிர் தளதளன்னு வரும்னுதானே?" என்றார் காட்டுக்காரர். அவர் மேல் குற்றமில்லை, ஊரே அப்படித்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் அவசரத்தில் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

வேரின் ஒவ்வொரு செல்லும் நேர்மின்னேற்றம் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 100 முதல் 200 மில்லிவோல்ட் வரை எதிர்மின் நிலையில் இருக்கும். வேரின் ஓரிடத்தில் அயனிகள் வெளியேறும், இன்னோரிடத்தில் உள்ளே போகும். ஆக, உயிருள்ள எந்த வேரைச் சுற்றியும் மெல்லிய மின்னோட்டம் ஒன்று எப்போதும் உண்டு. கொத்து பட்டு வேர் அறுந்தால் அந்த ஓட்டம் மாறிவிடுகிறது. காயத்தின் வழியாக நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன. காயம்பட்ட இடம் பேட்டரியின் எதிர்முனை மாதிரி ஆகிவிடுகிறது.

பித்தியத்தைப் பூஞ்சை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்து உறவு. அது பரவ உதவும் நுண்ணிய வித்துகளுக்கு இரண்டு வால்கள் உண்டு. மண்ணில் தண்ணீர் நின்றால் நீந்தும். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வித்துகள் மின்புலத்தில் எதிர்முனையைத் தேடிப் போவதையும், வேரின் காயங்களில் கூட்டமாகச் சேர்வதையும் காட்டினார்கள். கோகோ காய் அழுகலுக்குக் காரணமான பைட்டோப்தோரா பால்மிவோரா இதற்கு நேர்மாறு, அது நேர்முனையை நோக்கி நீந்தும். மீட்டருக்கு அரை வோல்ட் மின்புலமே அதற்குப் போதும். வேரிலிருந்து கசியும் சர்க்கரையும் அமினோ அமிலமும் கூட வித்துகளை இழுக்கும்தான். ஆனால் வேருக்கு மிக அருகில் வந்தபின் மின்சமிக்ஞை அந்த வாசனையையும் மிஞ்சிவிடக்கூடும்.

இப்போது அந்தக் காட்டை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் ஆயிரக்கணக்கான வேர்களில் காயம். மறுநாள் நீந்த வசதியாகத் தண்ணீர்!

நல்ல நுண்ணுயிரிகளோடும் வேர் மின்சாரத்தில்தான் பேச்சைத் தொடங்குகிறது. ரைசோபியம் பாக்டீரியா அனுப்பும் வேதிக்குறிப்பு பட்டதும் குதிரைமசால் வேர்த்தூவியின் மின்னழுத்தம் சட்டென இறங்குகிறது. அப்புறம் செல்லின் உட்கருவைச் சுற்றிக் கால்சியம் ஏறி இறங்கித் துடிக்கிறது, ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகே வேர்முடிச்சு. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் இன்றும் மெய்சிலிர்க்கும்.

சரி, காட்டுக்கு வருவோம். களை கொத்திய பின் மண்ணில் ஈரம் இருந்தால் மூன்று நான்கு நாள் பொறுத்துத் தண்ணீர் கட்டுங்கள், காயம் ஆற நேரம் கிடைக்கும். செடியின் தூரை ஒட்டிக் கொத்தாமல் அங்கே கையால் களை பிடுங்குங்கள். பள்ளமான மூலைக்கு வடிகால் கட்டாயம் வேண்டும், தண்ணீர் நிற்காவிட்டால் வித்து நீந்த முடியாது. நூற்புழு இருக்கும் காட்டில் கூடுதல் கவனம் தேவை, அது குடையும் ஓட்டைகளும் காயங்கள்தான்.

இன்னொன்று. அழுகல் என்றதும் கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை வாங்கி ஊற்றுகிறார்கள். பித்தியத்துக்கு அது வேலை செய்யாது. பணமும் போய், பத்து நாளும் வீணாகப் போகும். நோய் கண்ட இடத்திலும் சுற்றியுள்ள தூர்களிலும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர் நனைய ஊற்ற வேண்டும். அழுகிய தூரைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டுவிடாதீர்கள், அடுத்த பாத்திக்கு நீங்களே வித்து அனுப்பியதாகிவிடும்.

பவானிக்காரர் அன்று மாலையே அந்த மூலையில் வடிகால் வெட்டினார். பிடுங்கிய தூர்களை வரப்புக்கு அப்பால் கொண்டுபோய் எரித்தார்.