பாட்டி வயிற்றில் உண்டான கருமுட்டை

நீங்கள் எந்தக் கருமுட்டையிலிருந்து பிறந்தீர்களோ, அது உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றிலேயே உண்டாகிவிட்டது. அம்மா அங்கே 5 மாதச் சிசுவாக இருந்தபோது அவருடைய சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருந்தன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். அவற்றில் மாதம் ஒன்றாக வெளிவருவது ஏறக்குறைய 400தான். ஆக, 35 வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கும் வயது 35-ஐத் தாண்டியிருக்கும்.

கோலமாவுத் துகள் அளவே உள்ள அந்த முட்டை இத்தனை வருஷக் காத்திருப்பில் எப்படி மூப்படைகிறது?

செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோம்களின் இரு நுனிகளிலும் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற டிஎன்ஏவின் ஆறெழுத்து அதில் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வரும். செல் பிரியும்போது டிஎன்ஏவைக் கடைசி எழுத்துவரை நகலெடுக்க முடியாததால், ஒவ்வொரு முறையும் நுனி கொஞ்சம் குறைகிறது. மனிதச் செல்கள் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-இல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். நுனி மிகவும் தேய்ந்தால், டிஎன்ஏ அறுந்துவிட்டது என்றே செல் எடுத்துக்கொண்டு, பிரிவதை நிறுத்திவிடுகிறது.

சரி, கருமுட்டைதான் பிரியாமல் கிடக்கிறதே, அதன் நுனி ஏன் தேய வேண்டும்? இங்கேதான் ஆக்சிஜன் வருகிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும்போது வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிகின்றன. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அவை எளிதில் சிதைப்பது ஜி-யை. டெலோமியரிலோ மூன்று ஜி வரிசையாக நிற்கின்றன! பழுதுபார்ப்பும் அங்கே மந்தம். இந்தச் சேதம் பல வருஷம் சேர்ந்த முட்டையில், குரோமோசோம்கள் இரண்டாகப் பங்குபிரியும் நேரத்தில் கணக்குத் தவறுகிறது. கரு தங்காமல் போவதற்கும் கலைவதற்கும் இது முக்கியமான காரணம்.

விந்தணுவின் கதை வேறு. அதை உண்டாக்கும் தாய்ச்செல்களில் டெலோமியரை நீட்டும் டெலோமரேஸ் நொதி ஓயாமல் வேலை செய்கிறது. அதனால் வயதான ஆண்களின் விந்தணுவில் டெலோமியர் நீளமாகவே இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் தாக்குதலைத் தாங்கும் சக்தி விந்தணுவுக்குக் குறைவு. சிகரெட்டும், விதைப்பையின் ரத்தக்குழாய் (சிரை) வீக்கமான வெரிகோசீலும் அந்தத் தாக்குதலைக் கூட்டும். குழந்தை இல்லையென்றால் பெண்ணை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது பெரிய அநியாயம். விந்தணு உருவாக இரண்டரை மாதம்தான் ஆகும். இன்று சிகரெட்டை விட்டால் மூன்று மாதத்தில் வருவது புது விந்தணு. முட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை போதாதா? அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்ட ஆண்களின் தரப்பில் 34 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்கள் தரப்பில் 35. முட்டைக்குள் நுழையத் தயாராக விந்தணுவுக்கே கொஞ்சம் ஆக்சிஜன் வினை வேண்டும். அதை அடியோடு அணைப்பதும் நல்லதல்ல. (கருத்தரிக்கும் முன்பே பெண்கள் சாப்பிடும் ஃபோலிக் அமிலம் சிசுவின் தண்டுவடத்துக்காக. அதை நிறுத்தவே கூடாது.)

அப்புறம், முட்டையின் மூப்பு குழந்தைக்கு அப்படியே போய்விடுவதில்லை. கருவான முதல் சில நாட்களிலேயே டெலோமியர்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்து நீள்கின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் டெலோமரேஸும் விழித்துக்கொள்கிறது.