ரம்பத்தின் பிளேடுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள்

பட்டறைக்குப் புதிதாக யார் வந்தாலும், மேசை ரம்பத்தின் முன் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லித்தருவேன். கை வெட்டுப்படும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மரம் திரும்பிப் பாயும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நான் வேலை கற்ற நாட்களில் ஒரு சட்டத்தை நீளவாக்கில் அறுத்துக்கொண்டிருந்தேன். பாதி தாண்டியதும் மரம் பிளேடைக் கவ்வியது. கண் இமைப்பதற்குள் சட்டம் என் இடுப்பை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. சற்றே ஒதுங்கி நின்றிருந்ததால் வயிறு தப்பியது.

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி வெட்டும். பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழும். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டாலோ, மரம் கோணலாகத் திரும்பினாலோ, அந்தப் பற்கள் மரத்தைத் தூக்கி நம் பக்கம் எறிந்துவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால், பல் முனையின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பாயும் மரத்தைக் கையால் தடுக்க முடியாது.

பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்குமே, அறுத்த இடைவெளி மூடாமல் காப்பது அதுதான். இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கழற்றி வைத்திருக்கும் பட்டறைகளைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள்.

ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காகப் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும் தடுப்புக் கட்டை, நேராக இருக்கிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் மார்க்கரால் குறியிடுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஃபென்ஸ் வரை அளந்து, பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். பின்னால் அளவு குறைந்தால் மரம் அங்கே இறுகும். சரி செய்யாமல் அறுக்காதீர்கள்.

ஒல்லியான துண்டென்றால் தள்ளுகட்டை இல்லாமல் தொடவே கூடாது. கையுறையும் வேண்டாம், ஓர் இழை சிக்கினால் போதும், கையையே உள்ளே இழுத்துவிடும்.

உளி விஷயத்தில் நான் சொல்வது இரண்டுதான்: மரத்தை கிளாம்ப்பில் இறுக்குங்கள், இரண்டு கையும் முனைக்குப் பின்னால் இருக்கட்டும். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படும், அழுத்தினால் வழுக்கும். அதனால் வேலை நடுவே நிறுத்தித் தீட்டுவதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம், மரத்தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கையும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளையும் பாதிக்கிறது. தரையில் கிடக்கும் தூளைவிட, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் நுண்தூளே எனக்குப் பெரிய கவலை. மெஷினை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அந்த நேரத்தில் காற்று முழுக்க தூள்தான். கொஞ்ச நேரம் போட்டிருங்கள். தூளைக் காற்றடித்து ஊதாமல் வாக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தானாகவே தீப்பற்றும். திறந்த வெளியில் ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள். அதற்கு இடமில்லையா, தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் முக்கி மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.