ஒரே கம்பியில் இரண்டு வழிகாட்டிகள்

இணையத்தில் ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. கம்பிகளையும் ரவுட்டர்களையும் சொந்தமாக வைத்திருக்கும் சேவை நிறுவனம் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அதே வலையமைப்பின் மேல் பல ஊர்களில் தன் சர்வர்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே தானே வழி வகுத்துக்கொள்ளும் இன்னொரு நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. முதலாவதை அடித்தள வலையமைப்பு என்றும், இரண்டாவதை மேலடுக்கு வலையமைப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே கம்பிகளைப் பயன்படுத்துகின்றன; ஆனால் ஒன்றின் நோக்கம் மற்றொன்றுக்கு இல்லை. இந்த இரண்டு வழித்தேர்வுகளும் ஒன்றையொன்று கெடுக்காமல் எப்படி இயங்க முடியும் என்பது வலையமைப்பு ஆய்வில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி.

இந்த அடுக்கு முறை புதியதன்று. இணையத்தின் முன்னோடியாக 1969இல் தொடங்கிய அர்ப்பாநெட்டே ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த, விநாடிக்கு 50 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசிக் கம்பிகளின் மேல்தான் ஓடியது. அப்போது தொலைபேசி நிறுவனம் கொடுத்த கம்பி கொடுத்த இடத்திலேயே இருந்தது. மேலே ஓடிய பாக்கெட்டுகளைப் பார்த்து அது தன் பாதைகளை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று இரு அடுக்குகளும் அளக்கின்றன, இரண்டும் மாறுகின்றன. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

அடித்தளத்தை நடத்துபவரின் நோக்கத்தை முதலில் பார்ப்போம். அவருக்கு எந்த ஒரு இணைப்பும் நிரம்பி வழியக் கூடாது. 2000ஆம் ஆண்டில் பெர்னார் ஃபோர்ட்ஸ், மிக்கெல் தோரப் ஆகிய இருவரும் இந்தக் கவலையை ஒரு செலவுக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். ஓர் இணைப்பு அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வரை நிரம்பியிருந்தால், கூடுதலாக வரும் ஒவ்வோர் அலகுக்கும் செலவு 1. மூன்றில் இரண்டு பங்கு வரை 3, பத்தில் ஒன்பது பங்கு வரை 10, கொள்ளளவு முழுதும் நிரம்பும் வரை 70. அதையும் தாண்டினால் 500, பிறகு 5000. பாதி காலியாக இருக்கும் இணைப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றுவது ஒன்றுமில்லை, நிரம்பிய இணைப்பில் ஏற்றுவது பேராபத்து என்ற அனுபவ அறிவு இந்த எண்களில் அப்படியே இருக்கிறது. அவர் கையில் இருக்கும் கருவி, ஒவ்வோர் இணைப்புக்கும் தரப்படும் எடை. ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறைகள் எடைகளின் கூட்டுத்தொகை மிகக் குறைந்த வழியில் பாக்கெட்டை அனுப்புகின்றன. எடையை மாற்றினால் போக்குவரத்து நகரும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு போகிறது என்ற அட்டவணையை வைத்துக்கொண்டே அவர் எடைகளைத் தீர்மானிக்கிறார். அந்த அட்டவணை தன் முடிவுகளால் மாறாது என்பது அவருடைய அனுமானம்.

மேலடுக்கின் நோக்கம் வேறு. 2001இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஆண்டர்சன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மாரிஸ் ஆகியோர் 'ரான்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். வெவ்வேறு இடங்களில் இருக்கும் 12 கணினிகள் ஒன்றையொன்று இடைவிடாது சோதித்துப் பார்க்கும். நேர்வழி கெட்டுப்போனால், இடையில் ஒரு கணினியை நிறுத்தி அதன் வழியாகப் பாக்கெட்டைத் திருப்பிவிடும். 64 மணி நேரச் சோதனையில், அளக்கப்பட்ட 132 வழிகளில் அரைமணி நேரத்துக்கும் மேல் நீடித்த 32 பெரிய தடங்கல்கள் ஏற்பட்டன; அத்தனையையும் ரான் சுற்றிப் போய்விட்டது. ஒரு பழுதைக் கண்டுபிடித்து வழிமாற அதற்குச் சராசரியாக 20 விநாடிக்கும் குறைவாகவே ஆனது. நிறுவனங்களுக்கிடையே வழி சொல்லும் பி.ஜி.பி. நெறிமுறைக்கு இதே வேலைக்குப் பல நிமிடங்கள் ஆகும். பயனர் பக்கமிருந்து பார்த்தால் இது பெரும் பேறு. இத்தகைய மேலடுக்குகள் தேவையில்லை என்று யாரும் வாதிட முடியாது.

இரண்டும் சந்திக்கும்போது நடப்பதை ஓர் உண்மையான வரைபடத்தின் மேல் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த அபிலீன் வலையமைப்பில் 11 ரவுட்டர்களும் 14 இணைப்புகளும் இருந்தன. அதன் இறுதிக் கட்டத்தில் இணைப்புகள் விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இயங்கின. அதன் அமைப்பு வெளிப்படையாகக் கிடைத்ததால் ஆய்வாளர்கள் பலரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். இண்டியானாபொலிஸிலிருந்து வாஷிங்டனுக்கு அதில் இரண்டு இயல்பான வழிகள் உண்டு: அட்லாண்டா வழியாகத் தெற்கே ஒன்று, சிகாகோ, நியூயார்க் வழியாக வடக்கே ஒன்று. போக்குவரத்து மொத்தம் 12 கிகாபிட் என்று கொள்வோம். அதில் 4 சாதாரணப் பயனர்களுடையது. 4 ஒரு மேலடுக்குக்கும், மற்ற 4 இன்னொரு மேலடுக்குக்கும் உரியவை. அடித்தளம் எடைகளைச் சமன் செய்து, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டிருக்கிறது. தெற்கே 6, வடக்கே 6. இரண்டும் 60 விழுக்காடு. யாருக்கும் குறையில்லை.

இப்போது இரு மேலடுக்குகளும் தங்கள் அளவீட்டில் தெற்கு வழி சில மில்லி விநாடிகள் விரைவானது என்று காண்கின்றன. இரண்டுக்கும் அட்லாண்டாவிலும் நியூயார்க்கிலும் சர்வர்கள் உண்டு. எனவே இரண்டும் தங்கள் பாக்கெட்டுகளை வாஷிங்டனுக்கு என்று முகவரியிடாமல், முதலில் அட்லாண்டா சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வாஷிங்டனுக்குத் திருப்புகின்றன. தெற்கு வழியில் இரண்டு மேலடுக்குகளின் 8, சாதாரணப் பயனர்களின் 2, ஆக 10 கிகாபிட். இணைப்பு முழுதும் நிரம்பிவிட்டது. ரவுட்டரில் வரிசை நீள்கிறது, தாமதம் எகிறுகிறது. வடக்கே வெறும் 2 கிகாபிட். அடுத்த அளவீட்டில் இரு மேலடுக்குகளும் இதைக் கண்டு, ஒரே நேரத்தில் நியூயார்க் சர்வருக்குத் தாவுகின்றன. இப்போது வடக்கே 10, தெற்கே 2. மீண்டும் அளவீடு, மீண்டும் தாவல்.

அடித்தளத்தை நடத்துபவர் தன் திரையில் காண்பது இதைவிட முக்கியமானது. இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற எண்ணைப் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ரவுட்டரிலிருந்து எடுக்கிறார்கள். மேலடுக்குகள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தாவினால், 10க்கும் 2க்கும் இடையே ஆடும் ஓர் இணைப்பின் சராசரி 6 ஆகத் தெரியும். இரண்டு வழியும் 60 விழுக்காட்டில் அமைதியாக இருப்பதாகவே அவர் நினைப்பார். ஆனால் அவருடைய போக்குவரத்து அட்டவணை குழம்பியிருக்கும். இண்டியானாபொலிஸ்–வாஷிங்டன் தேவை 12இலிருந்து 4 ஆகக் குறைந்து, அட்லாண்டாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும், நியூயார்க்குக்குப் போவதும் அங்கிருந்து வருவதும் சராசரியாக நான்கு நான்கு கிகாபிட் புதிதாக முளைத்திருக்கும். கூட்டிப் பார்த்தால் 20. உண்மைத் தேவை 12 மட்டுமே. திருப்பிவிடப்பட்ட 8 கிகாபிட்டும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. அட்லாண்டாவில் தேவை கூடிவிட்டது என்று நம்பி அவர் எடைகளை மாற்றினால், இல்லாத ஒன்றுக்காக மாற்றுகிறார். அந்த மாற்றத்தால் தாமதங்கள் மாற, மேலடுக்குகள் மறுபடியும் இடம் பெயர்கின்றன. இடையில் எந்தச் சர்வரும் இல்லாத சாதாரணப் பயனர்தான் ஒவ்வொரு முறையும் நெரிசலில் மாட்டுகிறார். அவருக்காகப் பேச இந்த ஆட்டத்தில் ஆளில்லை.

இந்த ஊசலாட்டத்தை ஒரே அடுக்கில் அர்ப்பாநெட் முன்பே அனுபவித்திருக்கிறது. 1979இல் அதன் வழித்தேர்வு, அளந்த தாமதத்தையே இணைப்பின் செலவாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. சுமை குறைவாக இருந்தவரை நன்றாக நடந்தது. சுமை ஏறியதும் எல்லா ரவுட்டர்களும் ஒரே சமயத்தில் ஒரு கம்பியைக் கைவிட்டு இன்னொன்றுக்கு ஓடின. 1987இல் செய்த திருத்தம் எளிமையானது. எவ்வளவு நிரம்பினாலும் ஒரு கம்பியின் செலவு, அது காலியாக இருக்கும்போதுள்ள செலவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குக்கு மேல் போகாது என்று வரம்பு வைத்தார்கள். ஒரே முறையில் அது எவ்வளவு மாறலாம் என்பதற்கும் வரம்பு வைத்தார்கள். அளவீடு அப்போதும் நடந்தது. அளவீட்டுக்குத் தரும் மறுவினையைத்தான் அடக்கினார்கள். ரானிலும் இப்போதிருக்கும் வழிக்குச் சிறு சலுகை கொடுத்து, புது வழி தெளிவாக மேலானதாக இருந்தால் மட்டுமே மாறும் ஏற்பாடு இருந்தது. சோதனை நேரங்களையும் சற்றே தாறுமாறாக்கியிருந்தார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சோதிக்காமலிருக்க அது உதவும்.

தன்னலமாக வழி தேடுவதால் எவ்வளவு நட்டம் என்பதற்கு ஒரு பெயர்பெற்ற விடை உண்டு. தாமதம் சுமைக்கு நேர்கோட்டில் கூடினால், எல்லோரும் தத்தம் விரைவான வழியைப் பிடிப்பதால் வரும் மொத்தத் தாமதம், சிறந்த பங்கீட்டில் வருவதைப்போல் மூன்றில் நான்கு மடங்கைத் தாண்டாது என்று டிம் ரஃப்கார்டனும் ஏவா டார்டோஷும் நிறுவினார்கள். இந்த முடிவு பலருக்கு ஆறுதல் தந்தது. ஆனால் அதில் அடித்தளம் அசையாமல் நிற்கிறது. அடித்தளமும் தன் நோக்கத்துக்காக அசையும்போது கதை மாறுகிறது: ஒவ்வொரு சுற்றிலும் மேலடுக்கு தனக்கு அப்போதைக்கு மிகச் சிறந்ததையே தேர்ந்தெடுத்தும், சில சுற்றுகளுக்குப் பின் அதன் தாமதம் தொடக்கத்தைவிட மோசமாகிவிடலாம் என்பதை 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

அப்படியானால் இரு பக்கமும் தகவலைப் பகிர்ந்துகொண்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். 2008இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த 'பி4பி' அந்த வழியில் ஒரு பெரிய முயற்சி. கோப்புப் பகிர்வுச் செயலிகள் கண்டபடி தொலைவிலுள்ள கணினிகளோடு இணைந்து சேவை நிறுவனங்களைத் திணறடித்த காலம் அது. சேவை நிறுவனம் தன் வரைபடத்தை வெளியிட வேண்டியதில்லை. தன் முகவரிகளைச் சில குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு அனுப்புவது தனக்கு எவ்வளவு செலவு என்ற எண்களை மட்டும் அறிவித்தால் போதும். செயலி அந்த எண்களைப் பார்த்துத் தன் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுக்கும். இதே கருத்து 2014இல் 'ஆல்ட்டோ' என்ற பெயரில் இணையத் தரமாக வெளிவந்தது. தன் வணிக ரகசியத்தையும் காத்துக்கொண்டு மேலே இருப்பவருக்கும் வழிகாட்டும் இந்த எண்கள், எனக்குத் தெரிந்தவரை இத்துறையின் நேர்த்தியான யோசனைகளில் ஒன்று.

ஆனால் தகவல் கூடக் கூட நன்மை கூடும் என்பது உண்மையில்லை. ஜெனிஃபர் ரெக்ஸ்ஃபோர்டு, மங் சியாங் ஆகியோர் அடங்கிய பிரின்ஸ்டன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. எந்தச் சர்வரிலிருந்து வீடியோவைக் கொடுப்பது என்று ஒரு நிறுவனமும், எந்த வழியில் கொண்டுபோவது என்று இன்னொரு நிறுவனமும் தனித்தனியே முடிவு செய்கின்றன. முதல் நிறுவனத்துக்கு வலையமைப்பின் நிலவரத்தைச் சரியாகவும் உடனுக்குடனும் கொடுத்தாலும்கூட, இருவருக்கும் மேலான ஒரு நிலை எட்டப்படாமலேயே நின்றுவிடலாம். அதைவிட வியப்பானது, அதிகம் தெரிந்துகொண்டதாலேயே மொத்த விளைவு மோசமாகலாம் என்பதும், அந்தச் சரிவுக்கு எல்லையில்லை என்பதும். காரணம் தெளிவு: நோக்கம் மாறாமல் பார்வை மட்டும் கூர்மையானால், தன் நன்மைக்காக மற்றவர் மேல் சுமையை ஏற்றும் வாய்ப்புகளும் கூடுதலாகக் கண்ணில் படும். அந்தக் குழு பரிந்துரைத்தது பேரம். ஒப்பந்தமில்லாவிட்டால் ஒவ்வொருவருக்கும் என்ன கிடைக்குமோ அதை அடிப்படையாக வைத்து, அதற்கு மேல் இருவரும் பெறும் ஆதாயங்களின் பெருக்கற்பலன் மிகப் பெரிதாகும் புள்ளியில் உடன்படுவது. 1950இல் ஜான் நாஷ் வகுத்த பேர விதி அது.

பேச்சுவார்த்தையே இல்லாமலும் ஓரளவு ஒத்திசைவு வரலாம். எந்த அடித்தள இணைப்பிலும் தன் சுமை முன்பிருந்த அளவைத் தாண்டாதபடி மேலடுக்கு தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டால், அடித்தளம் எதிர்வினை காட்டக் காரணமே எழாது. ஆட்டம் சில சுற்றுகளில் நின்றுவிடும். இதற்கு நேரெதிராக, பயனற்ற வெற்றுப் பாக்கெட்டுகளை அனுப்பி அடித்தளத்தின் கணக்கையே செயலிழக்கச் செய்யும் உத்தியையும் இந்தத் தன்கட்டுப்பாட்டை முன்வைத்த ஆய்வாளர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டுப்பாடு இல்லாத இடத்தில் யாராவது அதையும் செய்வார்கள் என்பதால், அதை எழுதிவைத்தது நல்லதே.

அடுக்குகளின் நேரத்தைப் பிரித்துவைப்பதும் நடைமுறையில் நன்கு நிலைபெற்ற வழி. ஒளியிழையில் அறுபடல் ஏற்பட்டால் சோனெட் வகை ஒளி வலையமைப்பு 50 மில்லி விநாடிக்குள் மாற்று இழைக்கு மாறிவிடும். அதற்கு மேலிருக்கும் ரவுட்டர்களும் அதே கணத்தில் வழி மாற்றத் தொடங்கினால் ஒரே பழுதுக்கு இரண்டு வைத்தியம் நடக்கும். எனவே ரவுட்டர்களை வேண்டுமென்றே சிறிது நேரம் காத்திருக்கும்படி அமைக்கிறார்கள். கீழே சரியாகிவிட்டால் மேலே எதுவும் நடக்க வேண்டியதில்லை. இங்கே இரு அடுக்குகளும் தங்களுக்குள் ஒரு செய்திகூடப் பரிமாறுவதில்லை.

வீடியோ வழங்கும் நிறுவனங்களில் இன்று காணப்படும் ஏற்பாடு இன்னும் நேரடியானது. நெட்ஃபிளிக்ஸ் 2012இல் அறிவித்த 'ஓப்பன் கனெக்ட்' திட்டத்தில், படங்கள் நிரப்பிய பெட்டிகளைச் சேவை நிறுவனத்தின் கட்டடத்திலேயே வைக்கிறார்கள். எந்தப் பெட்டி எந்த வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாம் என்பதைச் சேவை நிறுவனமே பி.ஜி.பி. அறிவிப்புகளால் தெரிவிக்கிறது, நெட்ஃபிளிக்ஸ் அந்த வரம்புக்குள் தகுந்த பெட்டியைத் தேர்ந்தெடுக்கிறது. முன்கூட்டியே நிரப்பிவைக்கக்கூடிய திரைப்படங்களுக்கு இது போதுமானது. நேரடி உரையாடல்களுக்கும் இணைய விளையாட்டுகளுக்கும் எதையும் முன்கூட்டி நிரப்பிவைக்க முடியாது. அவற்றின் மேலடுக்குகள் இன்றும் பெரும்பாலும் தாங்களே அளந்து, தாங்களே வழி மாற்றிக்கொள்கின்றன.