விசுவாசம்: சொல் எங்கிருந்து வந்தது, நம்மிடம் என்ன கேட்கிறது

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கமோ தக்கலை பக்கமோ ஒரே தெருவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடும் கத்தோலிக்க வீடும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு வீட்டிலும் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13ஐ வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். சிஎஸ்ஐ வீட்டில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும், கத்தோலிக்க வீட்டில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வரும். கத்தோலிக்க வீட்டில் முதல் இடத்தில் இருக்கிற நம்பிக்கை சிஎஸ்ஐ வீட்டில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது, பொருளும் வேறு. 1871இல் வெளியான பழைய திருப்புதலில், அதாவது சிஎஸ்ஐ வீட்டில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில், நம்பிக்கை என்றால் இனி வரப்போகும் நன்மைக்காகக் காத்திருப்பது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை என்றால் விசுவாசம். இது தெரியாமல்தான் ஜெபக் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் "விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு" என்று ஒருவரும், "இரண்டும் ஒன்றுதான், ஒன்று வடமொழி, இன்னொன்று தமிழ்" என்று இன்னொருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். கத்தோலிக்க வீட்டுப் பாட்டிமாரைக் கேட்டால் அவர்கள் சின்ன வயதில் படித்தது விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம் என்றுதான் சொல்வார்கள், அதாவது அந்தக் காலத்தில் இரண்டு வீட்டிலும் ஒரே வழக்குதான் இருந்தது.

விசுவாசம் வடமொழிச் சொல் என்பது சரிதான். 'ச்வஸ்' என்றால் மூச்சு விடுவது, நாம் சொல்லும் சுவாசம் அதிலிருந்து வந்தது. அதோடு 'வி' சேர்ந்தால் பயமில்லாமல் தாராளமாக மூச்சு விடுவது, அங்கிருந்து ஒருவரை நம்பி நிம்மதியாக இருப்பது என்ற பொருள் வந்தது. வடமொழி என்பதற்காக இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை, நல்ல சொல் இது. ஆனால் வேதத்தில் இருக்கிற மூலச் சொல்லில் இந்த நிம்மதி பாதிதான்.

அதற்கு முன்னால், நம் ஊரோடு ஒட்டின ஒரு செய்தி. 1544 கடைசியில் கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் நம் கடற்கரை வழியாக நடந்து போய், ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதத்தில் எழுதினார். அவருக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். அதில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் சொல்லே இடறியது. "விசுவாசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்று போட்டுவிட்டார்கள். பிறகு அது தெரியவந்ததும், வேணும் என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள், அதை மாற்றி விசுவாசம் என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள் என்று தன் உடன் ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதினார். ஆக, கிட்டத்தட்ட 500 வருஷத்துக்கு முன்பே இந்தச் சொல்லைப் பற்றி இங்கே யோசித்திருக்கிறார்கள்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் இருக்கிற சொல் 'பிஸ்திஸ்'. ஒருவரை நம்புவதும் பிஸ்திஸ்தான், நம்பப்படும்படி ஒருவர் உண்மையாக நடந்துகொள்வதும் பிஸ்திஸ்தான். பழைய ஏற்பாட்டு எபிரெயத்தில் இதற்கு இணையாக வருவது 'எமுனா', நாம் ஜெபத்தின் கடைசியில் சொல்கிற ஆமென் பிறந்த அதே வேர், அசையாமல் உறுதியாக இருப்பது என்று பொருள். யாத்திராகமம் 17இல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் தாங்கிப் பிடிக்க, சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் ஒரே நிலையாய் இருந்தன என்று வருகிறது அல்லவா, அந்த "ஒரே நிலை" எபிரெயத்தில் எமுனாதான். "தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொன்னதும் இதே சொல்லை வைத்துத்தான். கை வலித்தாலும் இறக்காமல் நிற்பதும், ஆள் துணையோடு நிற்பதும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இப்போது தமிழ் வேதாகமத்துக்கு வருவோம். பழைய திருப்புதல் இந்த ஒரே சொல் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. நம்புவது பற்றிய இடமென்றால் விசுவாசம், நடத்தை பற்றிய இடமென்றால் உண்மை. "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்ற வசனத்திலும், "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்ற வசனத்திலும், "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற வசனத்திலும் கிரேக்கத்தில் இருப்பது அதே பிஸ்திஸ் குடும்பத்துச் சொல். மொழிபெயர்ப்பில் தவறு இல்லை, அந்தந்த இடத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் வாசிக்கிற நமக்கு இரண்டும் தனித்தனிச் சரக்காகத் தெரிகிறது. விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைக்கு, உண்மை மற்ற ஆறு நாளுக்கு, அதுவும் முடிந்தால் மட்டும் என்று ஆகிவிட்டது.

கோயிலுக்கு வெளியே பேசுகிற தமிழில் இந்தப் பிரிவு இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "நன்றி விசுவாசம் இல்லாதவன்" என்று திட்டுகிறோம், "முதலாளிக்கு விசுவாசமாக இருந்தவர்" என்று பாராட்டுகிறோம், நாயைக்கூட விசுவாசமான பிராணி என்கிறோம். அங்கெல்லாம் பேச்சு நம்பினதைப் பற்றி இல்லை, கைவிடாமல் நின்றதைப் பற்றி. மூலச் சொல்லின் மறுபாதி சந்தையிலும் தெருவிலும் பத்திரமாக இருக்கிறது. அதைத் திரும்பவும் கோயிலுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. யாக்கோபு இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறார்: "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." தேவன் உண்டு என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான் விசுவாசம் என்றால் அது பிசாசுக்கும் இருக்கிறது.

ஒரு ரப்பர் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுகிறவர் விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறார். உடமஸ்தர் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். கத்தியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் அன்றைக்குச் சிரட்டையில் பால் கூடும், ஆனால் பட்டையைத் தாண்டித் தடியில் காயம் பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், அடுத்த சுற்று வெட்டுக்கு அது உதவாது. உடமஸ்தருக்கு இது தெரிய வருஷக்கணக்காகும், அதற்குள் வெட்டுகிற ஆளே மாறியிருக்கலாம். யாரும் பார்க்காத அந்த இருட்டில், மரம் மரமாகக் கத்தியை அளவாக நிறுத்துகிற கை இருக்கிறதே, அதற்குக் கிரேக்க வேதாகமம் வைத்திருக்கிற பெயர் பிஸ்திஸ். இயேசுவைப் பின்பற்றுகிறேன் என்று சொல்கிற ஒருவருக்கு அது சாட்சி சொல்வதற்குக் குறைந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நம் மாவட்டத்தில் கல்யாணப் பேச்சு என்றால் எத்தனை பவுன், எத்தனை லட்சம் என்பது ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிகிற பேரமாக இருக்கிறது. மாப்பிள்ளை ஞாயிறு பள்ளி ஆசிரியர், வாலிபர் சங்கச் செயலாளர், நல்ல விசுவாசி என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் தொகையைச் சொல்கிறார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிற வீடு, பெண்வீட்டார் நிலத்தை விற்றுத்தான் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா? இதை மேடையில் சொல்கிற போதகர்கள், அருட்தந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. கேட்கிற நாம்தான் அந்த ஒரு நாள் மட்டும் காதை மூடிக்கொள்கிறோம்.

சொல்லின் இரண்டு பாதியும் ஒரே ஆளில் சேர்ந்து நின்றதற்கு நம் மண்ணிலேயே ஆள் உண்டு. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்து அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து யோபுவின் கதையைக் கேட்டு, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நம்பியது அதோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் நிற்பது தொடங்கியது: சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், 1749இல் சிறை, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போன அவமானம், 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் துப்பாக்கிச் சூடு. கோட்டாறு சவேரியார் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம்பிக்கை நல்ல சொல், நினைப்பதைவிட ஆழமானதும்கூட. "நம்பும் மேவும் நசையாகும்மே" என்கிறது தொல்காப்பியம், அதாவது பழந்தமிழில் நம்பு என்றால் விருப்பம், ஆசை. சவேரியார் மாற்றச் சொன்ன 'வேணும்' அதனால் முழுக்க அந்நியமும் இல்லை, ஒருவரை விரும்பாமல் அவரை நம்பிப் பின்னால் போக முடியாதே. திருக்குறளில் நம்புவதற்குத் தெளிதல் என்று இருக்கிறது, "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராய்ந்து ஒருவரைத் தெளிந்த பிறகு அவர்மேல் சந்தேகப்படாதே என்பது அருமையான பாடம், ஆனால் அந்தப் பொருளில் இன்று அதை யாரும் பேசுவதில்லை. சிலர் எழுதுகிற பற்றுறுதி என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, பின்பற்று என்பதில் இருக்கிற பற்று இதிலும் இருக்கிறது, உறுதி எமுனாவுக்கு அப்படியே பொருந்துகிறது. பேச்சில் கொஞ்சம் கனமாக இருக்கும், அதனால் என் பரிந்துரை இதுதான்: இயேசுவின் மேல் வைப்பதற்கு நம்பிக்கை, அவரிடம் நிலைத்து நடப்பதற்குப் பற்றுறுதி. விசுவாசம் என்றே சொல்லிப் பழகினவர்கள் மாற்ற வேண்டியதில்லை, இரண்டையும் சேர்த்து நினைத்துச் சொன்னால் போதும்.

கடைசியாக அற்பவிசுவாசி. படகில் புயல் அடித்தபோது இயேசு சீஷரைப் பார்த்துச் சொன்ன சொல் (மத்தேயு 8:26). 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் திரும்பி வராமல் போனபோது, இந்த வசனத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டு விசுவாசக் குறைவைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை இல்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு விசுவாசம் இல்லாதவன் என்று பொருள் கிடையாது, கொஞ்சம் விசுவாசம் உள்ளவன் என்றுதான் பொருள். பயந்து நடுங்கினாலும் அவர்கள் அவரிடம்தான் ஓடிப்போய் எழுப்பினார்கள், அவரும் அவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. மாற்கு 9இல் பிள்ளைக்காக அழுத தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான், அதைக் கேட்ட இயேசு அவன் பிள்ளையைச் சுகமாக்கினார்.