12 வோல்ட்தானே என்று புழக்கடையில் சோலார் மாட்டுகிறவர்களுக்கு

“பன்னெண்டு வோல்ட்டுதானுங்கண்ணா, ஷாக்கா அடிக்கப் போவுது?” சேலத்தில் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. புழக்கடையில் தளம் போட்டு, நாலு நாற்காலி போட்டு, மேலே சோலார் விளக்கை வீட்டுக்காரர்களே ஆன்லைனில் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். தாராளமாக மாட்டட்டும், அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டியதில்லை. ஷாக் அடிக்காது என்பதும் சரிதான். ஆனால் தீப்பிடிக்கும், அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சோலார் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற 7 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்றின் இரண்டு முனைகளும் தெரியாமல் சேர்ந்துவிட்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். உங்கள் விளக்குக்குத் தேவை ஒரு ஆம்பியர்கூட இல்லை, அதனால் கடையில் கிடைத்த மெல்லிய ஒயரைப் போட்டிருப்பீர்கள், அது எப்படித் தாங்கும்? கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஓட்டுக்கு அடியில் போன ஒயரை எலி கடித்திருந்தது. உறை முழுக்க உருகி, பி.வி.சி. பைப்போடு ஒட்டி, சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் கரிக்கோடு. பக்கத்தில் காய்ந்த தென்னை மட்டை அடுக்கியிருந்தது. அன்றைக்கு அவர்கள் வீட்டில் இருந்ததால் தப்பியது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து அரை அடிக்குள் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று, காரில் போடுகிற பிளேடு ஃப்யூஸ்தான், இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அறுந்து நின்றிருக்கும். ரெண்டு டீ காசு ஆகாது அதற்கு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சுவரில் ஏற்கெனவே இ.பி. லைன் போகிற பைப்புக்குள்ளேயே சோலார் ஒயரையும் நுழைத்து, ஒரே ஸ்விட்ச் பாக்ஸில் கொண்டுவந்து முடிப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்ளே எங்காவது உறை பழுதானால் 230 வோல்ட் நேராக உங்கள் 12 வோல்ட் விளக்குக்கு வந்துவிடும், அதையோ மழையில் நனைந்த கையோடு, செருப்பில்லாமல் நின்று தொடுவீர்கள். தனிப் பைப், தனிப் பெட்டி, வேறு பேச்சே கிடையாது.

சரி, எதை வாங்குவது? ரெடிமேட் விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் ‘100 வாட்’ என்பதை நம்பாதீர்கள். உள்ளங்கை அளவு பேனல் ஒன்றரை வாட் கொடுத்தால் பெரிய விஷயம். ஐந்து மணி நேரம் நல்ல வெயில் அடித்தாலும், போகிற வழியில் வீணாவது போக, ராத்திரி ஐந்து மணி நேரத்துக்கு ஒரு வாட் எல்.ஈ.டி.தான் எரியும், பழைய ஜீரோ வாட் பல்ப் வெளிச்சம். நடைபாதைக்குப் போதும், உட்கார்ந்து சாப்பிடக் காணாது. அதற்கு 20 வாட் பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதை அளவோடு வைக்கிற பெட்டி), 7 ஏ.எச். பேட்டரி, 3 வாட் பல்ப் மூன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் நாலரை மணி நேரம் ஓட்டலாம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டி, பிறகு பேனலை மாட்டவும், கழற்றும்போது பேனல் முதலில்.

ரெடிமேட் விளக்கில் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி, அதாவது செல், போய்விட்டால் பழையது மாதிரியே உருண்டையாக இருக்கிறதே என்று கிடைத்ததைப் போடாதீர்கள். 3.2 வோல்ட், 3.7 வோல்ட் என்று இரண்டு வகை லித்தியம் செல் அதே அளவில் வருகிறது. 3.7க்கான சர்க்யூட் 4.2 வோல்ட் வரை ஏற்றும், 3.2 செல்லுக்கு 3.65தான் எல்லை. பழைய செல்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அதையே வாங்குங்கள்.

பேனல் தெற்கு பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் அதைத் தெற்குச் சுவரில் நட்டுக்குத்தாக ஆணி அடித்துப் பதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சேலத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே போய்விடும், அந்த நாலு மாதமும் அந்தப் பேனலில் மத்தியான வெயில் நேராக விழவே விழாது. கிட்டத்தட்டப் படுக்கையாக, பத்துப் பன்னிரண்டு டிகிரி மட்டும் தெற்கே சாய்த்து வையுங்கள், மழையில் தூசியும் தானே வழிந்துவிடும். பேட்டரியை மட்டும் தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள், நம்ம ஊர் சித்திரை வெயிலில் உப்பிவிடும்.

ஏற்காட்டில் கதையே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் நாள்கணக்கில் நிற்கும், பேனலை இரட்டிப்பாக்கினாலும் ஒரு சில நாள் இருட்டுதான், அதனால் ஒரு டார்ச் கையில் இருக்கட்டும். சில்வர் ஓக் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு இடம் முடிவு பண்ணுங்கள். குரங்கு தொங்கும் ஒயரைச் சும்மா விடாது, பைப்புக்குள் இழுத்துவிடுவது நல்லது. விளக்கு மஞ்சளாக, தலை உயரத்துக்குக் கீழே இருக்கட்டும், வெள்ளை வெளிச்சத்துக்கு மழைக்கு அப்புறம் வருகிற ஈசல் கூட்டம் சோற்றுத் தட்டு வரை வரும்.

உப்பிப்போன செல்லை உடைத்துப் பார்ப்பது, குப்பையோடு கொளுத்துவது இரண்டும் வேண்டாம். முனையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேட்டரி விற்கிற கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.