கடிக்கும் பழமும் குடிக்கும் பழமும்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் நான் பழம் வாங்கும் அண்ணாச்சி, எத்தனை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் "எப்ப திங்கப் போறிய?" என்றுதான் கேட்பார். சயான் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே என்றால் தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த ஏலக்கி வாழைப்பழம். நாளைக்கு என்றால் காம்பில் இன்னும் பச்சை மாறாதது. எப்போது தின்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமா என்றால், வாழைக்கு முக்கியம்தான்.

தாரை வெட்டிய பிறகும் வாழைக்காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. பழுக்கும் நேரம் வந்ததும் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு பட்டதும் காய் இன்னும் அதிகமாக எத்திலீனை உண்டாக்கும். பக்கத்துக் காய்க்கும் அது தொற்றும். ஒரு சீப்பில் ஒன்று பழுத்தால் மற்றவையும் பின்னாலேயே மஞ்சளாவது இதனால்தான். உள்ளே நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. 100 கிராம் பச்சைக் காயில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கும். நன்றாகக் கனிந்த பழத்தில் ஒன்றிரண்டு கிராம்தான் மிஞ்சும்.

காம்பில் பச்சை ஓடிய பழத்தில் மிச்சமிருக்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. புள்ளி விழுந்த பழத்திலோ சர்க்கரை தயாராக இருக்கிறது, சீக்கிரம் ரத்தத்தில் ஏறும். ஓடிப்போய் வண்டி பிடிப்பவருக்கு அது வேண்டும்தான். சர்க்கரை நோய் உள்ளவர் காம்பில் பச்சை ஓடியதை, அதையும் அளவோடு, எடுப்பது நல்லது.

மா, கொய்யா, சப்போட்டா, ஆப்பிள் எல்லாம் வாழையைப் போலத்தான், பறித்த பிறகும் பழுக்கும். ஆரஞ்சும் திராட்சையும் மாதுளையும் அப்படியில்லை. புளிக்கிற ஆரஞ்சைப் பையில் இரண்டு நாள் வைத்தாலும் இனிக்காது, வாடத்தான் செய்யும். அப்புறம் ஒன்று: வாழையையும் ஆப்பிளையும் ஒரே டப்பாவில் போட்டு இறுக மூடாதீர்கள். எத்திலீன் உள்ளேயே தங்கி, மறுநாள் வாழைப்பழம் குழைந்து கிடக்கும்.

சரி, பழத்தைக் கடிப்பானேன், ஸ்டேஷன் வாசலில் ஒரு கிளாஸ் ஜூஸ் குடித்துவிட்டு ஏறினால் ஆகாதா? பல நாள் நான் அப்படித்தான் போயிருக்கிறேன். பதினொரு மணிக்கெல்லாம் வயிறு காய்ந்து கை நடுங்கும். பழம்தானே குடித்தோம், பிறகு ஏன் இப்படி என்று புரியாமல் இருந்தது.

1977-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 10 பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, கூழாக, சாறாக. மூன்றிலும் சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவு. முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினோரில் ஒரு பங்கு நேரமே சாற்றைக் குடிக்கப் போதுமானதாக இருந்தது. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. ஆனால் சாறு குடித்தவர்களுக்கு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, ஏறிய சர்க்கரை சட்டென்று சரிந்தது. முழுப் பழம் தின்றவர்களுக்கு அந்தச் சரிவே இல்லை. வயிறு நிறைந்த உணர்வும் அவர்களுக்குத்தான் அதிகம்.

என்னை யோசிக்க வைத்தது கூழ்தான். அதில் நார்ச்சத்து ஒரு இழைகூடக் குறையவில்லை, அரைபட்டிருந்தது, அவ்வளவே. அதற்கும் இன்சுலின் அதிகம், ஓரளவு சரிவும் உண்டு. ஆக, நார் எவ்வளவு என்பதோடு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்கிறது. பழத்தின் சதை கோடிக்கணக்கான குட்டி அறைகளால் ஆனது. ஒவ்வொரு அறைக்கும் செல்லுலோஸ், பெக்டின் என்ற நார்ப்பொருள்கள் கலந்த சுவர். சர்க்கரை அதற்குள் இருக்கிறது. பல்லால் மென்றால் சில சுவர்கள்தான் உடையும். மீதி துண்டுகளாகவே வயிற்றுக்குள் போய் மெதுவாகக் கரையும். மிக்ஸி பெரும்பாலான சுவர்களை முன்கூட்டியே இடித்துவிடுகிறது. ஜூஸை வடிகட்டினால் இடிந்த சுவரும் குப்பைக்குப் போகிறது.

10 பேர், ஒரே பழம் என்பது சிறிய பரிசோதனைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் 2015-ல் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றின் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. முழுப் பழத்தின் சர்க்கரையைச் சேர்க்கவில்லை.

வெட்டி வைத்த பழத்தட்டு ஜூஸைவிட மேல்தான். ஆனால் தோல் போனால் காவல் போச்சு. மும்பைப் புழுக்கத்தில் கிருமி பெருகச் சில மணி நேரமே போதும். கண்ணெதிரே வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

இப்போதெல்லாம் என் பையில் இருப்பது கொய்யா, இங்கே பேரூ என்பார்கள். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, அதே எடை ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு. உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சின்னப் பொட்டலத்தில். சயானில் ஏறி முதல் கடி கடித்தால், தாதர் கூட்டத்தில் இடிபட்டு, கொட்டையும் தோலுமாக மென்று முடிக்கும்போது வண்டி பைகுல்லாவுக்கு வந்திருக்கும்.