ஒரு மணி ஆனால் திரும்பிவிடுங்கள்

போன வருடம் ஓகஸ்ட் மாதம், பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். அப்புத்தளைக்கு மேலே ஒரு மலையிலிருந்து என்னோடு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன், எதிரே ஆறு பையன்கள் ஏறி வந்தார்கள். காலில் ரப்பர் செருப்பு, ஆறு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, அதிலும் பாதி முடிந்திருந்தது. "அண்ணே, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று முன்னால் வந்தவன் கேட்டான். "இன்னும் ஒரு மணித்தியாலம் ஏறணும் தம்பி, ஏறினா இருட்டுக்குள்ளதான் இறங்க வேண்டி வரும், எங்களோடயே வந்துருங்க" என்றேன். கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு, தோட்டத்தின் கீழ் டிவிஷனில் இருக்கிற லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போன். மலையில் ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்கிறது, யாரோ கூப்பிடுகிற மாதிரியும் இருக்கிறது என்றார்கள். நானும் லயத்துப் பையன்கள் மூன்று பேரும் ஏறினோம். குறுக்குப் பாதை என்று நினைத்து அவர்கள் இறங்கியது காடாகிப்போன பழைய தேயிலைக்குள். அங்கே ஒருவன் கானுக்குள் விழுந்து கணுக்கால் உடைந்து கிடந்தான். வெளியூர்க்காரர்களுக்கு கான் என்றால் என்னவென்று தெரியாது. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, தேயிலை மலையின் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிற வாய்க்கால்தான் கான். பராமரிக்கிற மலையில் அது கண்ணுக்குத் தெரியும். கைவிட்ட மலையில் மானாப்புல்லும் பற்றையும் மூடி, பகலிலேயே தெரியாது. உரச் சாக்கு இரண்டின் அடியை அறுத்து, இரண்டு கம்பைக் கோர்த்து, அதில் அவனைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க பதினொரு மணி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை நடுங்கியது வலியால் மட்டும் இல்லை, வியர்வையில் நனைந்த டீசேர்ட்டோடு மூன்று மணித்தியாலம் காற்றில் கிடந்திருக்கிறான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினொரு வருடம். தோட்டத்தில் பிறந்தவன், அம்மா கொழுந்து எடுத்தவர். வெளிநாட்டுக்காரர்களையும் நம் ஆட்களையும் எல்ல, அப்புத்தளை, ஓஹிய, கொஸ்லந்தைப் பக்கமெல்லாம் நடத்திக் கூட்டிப் போகிறேன். ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் வீட்டில் இருப்பதே அபூர்வம், விடிய நாலரைக்கு எழும்பினால் சில நாள் இரண்டு கூட்டத்தோடு நடப்பேன். இந்த சீசனும் நெருங்குகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பதினொரு வருடத்தில் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை பின்னேரத்தில் நடந்தவை. பாதை கஷ்டமாக இருந்ததால் நடந்தவை குறைவு, நேரம் தப்பிப்போனதால் நடந்தவைதான் அதிகம்.

முதலில் ஒரு விஷயம். நம் மலைநாடு முழுவதற்கும் ஒரே காலநிலை இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மழையைக் கொட்டுகிறது. அதே காற்று மலையைத் தாண்டி கிழக்கே ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்து, காய்ந்து, சூடாகி வருகிறது. அதுதான் கச்சான். அதனால் ஜூலையில் பதுளை, பண்டாரவளை, எல்லப் பக்கம் வெயில் அடிக்கும், அதே நாளில் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லீவு கிடைத்தது ஓகஸ்டில் என்பதற்காக சிவனொளிபாதமலைக்குப் புறப்பட்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே யாத்திரைக் காலம் டிசெம்பர் மாதப் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரைதான். மற்ற நாளில் படிகளில் விளக்கு இல்லை, தேத்தண்ணிக் கடை இல்லை, 2,243 மீட்டர் உயரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் ஒதுங்க இடமும் இல்லை.

சரி, ஊவாப் பக்கம் வெயில்தானே, பயமில்லை என்றால், அங்கேதான் பின்னேரம் ஏமாற்றும். வானொலியில் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று. அதை நாங்கள் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது, ஆனால் மலையில் நடக்கிறவனுக்கு அதைவிடப் பயனுள்ள வசனம் கிடையாது. காலையில் நீலமாக இருக்கிற வானம் பதினொரு மணிக்கு வெள்ளை மேகமாகும், ஒரு மணிக்கு அடி கறுக்கும், அப்புறம் கொட்டும். மழை வராத நாளில் பனிமூட்டம் வரும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்கிற செங்குத்து விளிம்பைப் பார்க்க ஒன்பது மணிக்குப் பிறகு போனவர்கள் பலர் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கீழே சுமார் 870 மீட்டர் பள்ளம் இருக்கிறது, அதை மூட்டம் மறைத்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்திலும் விளிம்பில் நின்று செல்பி எடுக்கிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் என் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு மணி ஆனால் எங்கே நின்றாலும் திரும்புவோம். உச்சிக்கு இருபது நிமிஷம் இருந்தாலும் திரும்புவோம். புறப்படும் முன்பே, தேத்தண்ணி குடிக்கும்போதே இதைச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் மேலே போன பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எனக்கே வாய் வராது. இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள், முழங்கால் களைத்து, கவனம் குறைந்து, ஈரப் பாறையில் சறுக்குவதெல்லாம் இறங்கும்போதுதான். ஓகஸ்டில் சூரியன் ஆறே காலுக்குப் பிறகுதான் மறைகிறது என்றாலும் பள்ளத்தாக்குக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஐந்தரைக்கே வெளிச்சம் போய்விடும். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடிச்சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, உச்சியையும் மொட்டைப் புல்வெளியையும் விட்டு உடனே இறங்குங்கள், தனி மரத்தடியில் மட்டும் ஒதுங்க வேண்டாம்.

கச்சானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்று காய்ந்து வீசுவதால் வியர்ப்பதே தெரியாது, வியர்வை உடனே காய்ந்துவிடும், தாகமும் தெரியாது. மத்தியானம் ஆகும்போது தலைவலி, வாந்தி வருகிற மாதிரி ஒரு மயக்கம், எரிச்சல், ஒருவரோடு ஒருவர் சண்டை. இது எல்லாம் தண்ணீர் குறைந்ததின் அறிகுறி. ஆளுக்கு இரண்டு லீட்டராவது கொண்டுவாருங்கள், தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) பக்கெட் ஒன்று பையில் கிடக்கட்டும். ஊற்றிலிருந்து வழிய விட்டிருக்கிற பீலித் தண்ணீரைக் கண்டால் ஆசையாக இருக்கும், ஆனால் மேலே தேயிலைக்கு மருந்து அடித்திருப்பார்களா என்று லயத்தில் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

அந்தக் காய்ந்த காற்றில்தான் மலை எரிகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இரவில் ஊவாப் பக்கம் பார்த்தால் எங்காவது ஒரு மலையில் சிவப்புக் கோடு தெரியும். மானாப்புல் பற்றினால் நிற்காது, மேல்நோக்கி ஓடும், சரிவு கூடக் கூட வேகமும் கூடும். டெண்ட் அடித்து நெருப்பு மூட்டி, காலையில் மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறீர்கள், உள்ளே கனல் கிடக்கிறது, பத்து மணிக்குக் காற்று எழும்புகிறது. எரிந்த மலையில் அடுத்த மழைக்கு மண் கழுவிக்கொண்டு வந்து கீழே பீலியில் இறங்கும், லயத்துச் சனம் கலங்கல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். தயவுசெய்து இந்த மூன்று மாதமும் மலையில் நெருப்பு வேண்டாம், தேத்தண்ணியைப் பிளாஸ்கில் கொண்டுவாருங்கள். எரிகிற மலையில் மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் விலகி, ஏற்கனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ வெறும் பாறைக்கோ போங்கள்.

நீர்வீழ்ச்சி. நான்கு வருடத்துக்கு முன் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை தியலும நீர்வீழ்ச்சியின் மேலே இருக்கிற தடாகங்களுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கீழே 220 மீட்டர் விழுகிறது அந்தத் தண்ணீர், மேலே பார்த்தால் அப்படி அமைதியாகக் கிடக்கும். நல்ல வெயில், பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரை மணி போல தண்ணீரில் காய்ந்த இலையும் சின்னச் சின்னக் குச்சியும் வர ஆரம்பித்தது, மேலே பூனாகலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், மலை கறுத்திருந்தது. எல்லாரும் வெளியே வாங்க என்றேன். "வெயில்தானே தம்பி எறிக்குது, இன்னுங் கொஞ்ச நேரம்" என்றார் வீட்டுப் பெரியவர். எனக்கு விளக்கிச் சொல்ல நேரம் இருக்கவில்லை, சின்னப் பிள்ளை இரண்டையும் நானே தூக்கிக்கொண்டு பாறைக்கு ஏறினேன், அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் ஏறினார்கள். பத்து நிமிஷம் ஆகவில்லை, அவர்கள் இருந்த இடத்தில் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இடுப்பளவு வெள்ளம். அங்கே ஒரு துளி மழை இல்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பேசவே இல்லை. தண்ணீரின் நிறம் மாறினாலும், குப்பை வந்தாலும், சத்தம் கூடினாலும், அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள், செருப்பையும் போனையும் எடுக்க நிற்காதீர்கள்.

அடுத்தது குளவி. தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, குளவி கொட்டி ஆட்களை வைத்தியசாலையில் சேர்த்தார்கள் என்ற செய்தி வராத மாதம் குறைவு. என் அம்மாவையும் ஒரு தடவை கொழுந்து மலையில் கொட்டியிருக்கிறது, தலைத் துண்டையும் இடுப்பில் கட்டுகிற படங்கையும் போர்த்திக்கொண்டு ஓடியதால் தப்பினார். நாங்கள் குளவி என்று சொல்வதில் பாதி, பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டுகிற பெரிய மலைத்தேனீதான். அதற்குப் புகை, கடும் வாசனை, ட்ரோன் சத்தம் எதுவும் ஆகாது. ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கே மற்றதெல்லாம் வரும், அதனால் அடிக்காதீர்கள், நிற்காதீர்கள், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீருக்குள் குதித்து ஒளிய வேண்டாம், அது மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் முள்ளை உடனே எடுத்துவிடுங்கள், நகத்தால் சுரண்டினாலும் சரி. உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். நிறையக் கொட்டியிருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

அட்டையைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதனால் ஆபத்து ஒன்றும் பெரிதாக இல்லை. காலில் சவர்க்காரம் தடவுங்கள், காற்சட்டையை சொக்ஸுக்குள் விடுங்கள், கடித்தால் நகத்தால் தள்ளி எடுங்கள், போதும்.

இந்த வருடம் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளைப் பிளந்துவிட்டுப் போனது. போன வருடம் நீங்கள் நடந்த பாதை இந்த வருடம் அதே பாதையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். போனில் இருக்கிற வரைபடம் பழைய கோட்டைத்தான் காட்டும், அந்தக் கோட்டில் இப்போது பள்ளம் இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைப் பார்த்தவர்கள் நாங்கள், மழை தொடர்ந்து பெய்தால் எங்களுக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக அறிவிக்கிறது. நீங்கள் போகிற பிரிவு அதில் இருந்தால் பயணத்தை ஒத்திப் போடுங்கள், எந்த வழிகாட்டி முற்பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும் சரி, வராதீர்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு விலகுங்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டையைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. மழை வந்தால் என்ன செய்வாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்றும் கேளுங்கள். உடனே பதில் வராதவரோடு போகாதீர்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் குறைந்தது ஏறும் முன் கடைசி லயத்தில் நின்று, எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். "அக்கா, இந்தப் பாதை எப்படி?" என்று கொழுந்தெடுக்கிறவர்களிடம் கேட்டால் குளவிக் கூடு எங்கே இருக்கிறது, எந்தக் கான் இடிந்திருக்கிறது என்பது வரை சொல்வார்கள். அவர்களை போட்டோ எடுப்பதானால் அதையும் கேட்டுவிட்டே எடுங்கள்.

ஏதாவது நடந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 119 பொலிஸ். அழைக்கும்போது "ஒரு மலையில் நிற்கிறோம், பக்கத்தில் பெரிய பாறை இருக்கிறது" என்றால் யாராலும் வர முடியாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் இருக்கிற கோவில் அல்லது தொழிற்சாலை, கடைசியாகத் தாண்டிய லயம் இவற்றைச் சொல்லுங்கள். ஏறும்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் எல்லாத் தோட்டப் பாதையிலும் ஏறாது, தார் போட்ட கறுப்பு ரோட்டு வரைக்கும் ஆட்டோவிலோ தோட்ட லொறியிலோ கொண்டுவர வேண்டி வரும். அன்றைக்கு அந்தப் பையனையும் அப்படித்தான் ஒரு அண்ணனின் ஆட்டோவில், காலை என் மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதம் கழித்து போன் எடுத்தான், கட்டு அவிழ்த்துவிட்டார்களாம், இந்த ஓகஸ்டில் திரும்பவும் வருகிறானாம். விடிய ஐந்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் நில் என்று சொல்லியிருக்கிறேன்.